எதையும் தொடாத மேனேஜர்

ஜூன் 3, செவ்வாய்

அகலப் பேசினில் அரிசியைக் கொட்டி, மூன்று கரண்டிகளைச் செருகி, மகளை முன்னால் உட்கார வைத்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அரிசியைப் பார்வையிட்டாள். தொடவில்லை. ‘மேனேஜர்’ என்று பட்டம் வைத்தது என் கணவர். இரண்டு வயதிலேயே எதிலும் கை வைக்காமல் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கிறாளாம். முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை.

குழந்தைகள் காப்பகத்தில் இந்த மாதம் முழுக்க வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். “ஈரக் கையோட ஒரு குழந்தை தொட்டாலே வீல்னு கத்துறா. சாப்பாட்டத் தொடவே மாட்டேங்கிறா. இப்படியே இருந்தா எங்களால பாத்துக்க முடியாதுங்க” என்றார் காப்பகத்து மேடம். ஜூலை ஒன்றாம் தேதி நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குத் திரும்பியாக வேண்டும். இல்லையென்றால் என் இடத்தில் வேறு ஆள்.

ஜூன் 5

தண்ணீரும் ஸ்பாஞ்சும். வீடு கழுவியதுதான் மிச்சம்.

ஜூன் 9

எதையும் தொட்டு விளையாடப் பழக்குவதற்காக அவளைக் கூட்டிப்போகும் தெரபிஸ்ட் சொன்னபடி ஜிப் பைக்குள் ஷாம்பூவும் கலரும் ஊற்றி, ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டினேன். கையில் ஒட்டாது, மேலேயே அழுத்தி விளையாடலாம். ஒரு விரலால் ஒரே தடவை அழுத்தினாள். உடனே திரும்பி என்னைப் பார்த்தாள்.

ஏன் என்னைப் பார்க்கிறாள்?

ஜூன் 13

மாவு, தண்ணீர், கொஞ்சம் எண்ணெய். உருட்டினேன், தட்டினேன், பாம்பு செய்தேன். விளையாடுவது யார் — நான்தான். அதற்குள் அக்கா போனில், “ஊர்ல எந்தப் புள்ளைக்கும் இல்லாத ஆராய்ச்சி ஒம் புள்ளைக்கு மட்டும் எதுக்குடி?” வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

முடியல. உண்மையாவே முடியல. மத்தியானம் அவள்மேல் எரிந்து விழுந்தேன். “தொட்டுத்தான் தொலையேன்டி!” உதடு பிதுங்கிற்று. அவள் அழுதாள், நானும் அழுதேன். மாவு காய்ந்துபோயிற்று.

ஜூன் 17

தெரபிஸ்ட்டுக்குக் காட்ட என் கணவர் செல்போனில் எடுத்த வீடியோவை இன்று அவர் அறையில் நாங்கள் இருவரும் அவருமாக உட்கார்ந்து பார்த்தோம். ஆறே நிமிடம். அவள் விரல் மாவை நெருங்கும்போதெல்லாம் பக்கத்திலிருந்து ஈரத் துண்டோடு ஒரு கை வருகிறது. ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரை துடைக்கிறது. ஒன்பது தடவை. அது என் கை. துடைக்கும் முன்னால் முகம் வேறு சுளிக்கிறேன்.

சத்தியமாக எனக்குத் தெரியாது. எதைத் தொட்டாலும் கழுவு, கழுவு என்று பத்து வருட வேலை. ஊறிப்போய்விட்டது.

“நீங்க துடைச்சது தப்புன்னு சொல்லலீங்க,” என்றார் தெரபிஸ்ட். “ஆனா பாப்பா மாவுக்குப் பயப்படல. தொட்டா உங்களுக்குப் பிடிக்காதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. மொதல்ல நீங்க அழுக்காகுங்க.”

“நானும்தானே கூடவே இருந்தேன்” என்றார் என் கணவர். இத்தனை நாள் நான் யாரைத் திருத்திக்கொண்டிருந்தேன்? வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 18

முழங்கை வரை மாவு. கழுவாமல் பத்து நிமிடம் இருப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. மேனேஜர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தேன். நன்றாக நடித்தேனா தெரியவில்லை.

ஜூன் 22

ஒரு விரல். எடுக்கவில்லை. அப்படியே வைத்திருந்தாள்.

ஜூன் 27

இரண்டு கையும்! பிறகு அத்தனையையும் என் சட்டையில் துடைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டேன். அலுப்பு மட்டும் போகவில்லை, தூங்கினால்கூடப் போவதாக இல்லை. வெளி ஆட்களிடம் எப்படி இருப்பாளோ.

ஜூலை 1, செவ்வாய்

வேலையில் முதல் நாள். காலையில் அவளைக் காப்பகத்தில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். மத்தியானம் போன். காப்பகத்து மேடம். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு எடுத்தேன்.

“என்னங்க, பொண்ண இப்படியா வளக்குறது? வாழைப்பழத்த மசிச்சு வெச்சிருந்தேன். அவ்வளவையும் அள்ளி, பக்கத்துல இருந்த குழந்தை தலையில அப்பிட்டா. சுவத்துலயும்!”

லைன் சரியில்லை என்று சொல்லி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.