வஸ்தாதுவின் தவக்காலம்

மரியே வாழ்க

ராயபுரம்
23.2.2026

அன்புள்ள சிலுவைக்கு,

உன் தம்பி வீட்டில் எல்லோரும் சுகம்தானே. ஊரில் தவக்காலத்துக்குக் கறியை விடுகிறார்கள், குடியை விடுகிறார்கள். நீ புருஷனோடு பேசுவதையே விட்டுவிட்டேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டு காத்திவாக்கத்தில் போய் உட்கார்ந்தால் என்ன அர்த்தம்? பேசத்தானே கூடாது, எழுதலாம் என்று கீழ்வீட்டு ரெஜி சொன்னான். அவன் ஷேர் ஆட்டோ உங்கள் பக்கம் வருவதால் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் விரதம் தவறவில்லை. நம் நாயும்தான். ஈஸ்டர் வரை வீட்டுக்குள் மீன் வாடையே வரக்கூடாது என்று நீ எழுதி ஒட்டிவிட்டுப் போனதால் வஸ்தாதுவுக்கும் ரசஞ்சோறுதான். தட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அப்படியே உன் சாயல்.

கஸ்பார்

காத்திவாக்கம்
25.2.2026

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நாய்க்கு யார் ஞானஸ்நானம் கொடுத்தது? வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டு நீங்கள் மோட்சம் போக வேண்டாம். இன்றே மத்தி வாங்கி வேகவைத்து, முள் எடுத்துப் போடுங்கள்.

ஏன் கிளம்பினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை பார்த்தீர்களா. லாரியை விட்டு இறங்கி வந்தால், "இன்னாடா வஸ்தாது, துன்னியா, ஒடம்பு எப்டி கீது" என்று அவனோடு ஒரு மணி நேரம் பேச்சு. எனக்கு ஒரு "ம்". தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதன் காலையிலிருந்து நான் வாய் திறக்கவில்லை. நீங்கள் வெள்ளிக்கிழமைதான், "தொண்ட கட்டிக்கிச்சா?" என்று கேட்டீர்கள். என்னை அழவைத்தது அதுதான். ஈஸ்டருக்குப் பிறகும் வருவேனா என்று எனக்கே தெரியவில்லை.

பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடுங்கள்.

சிலுவையம்மாள்

ராயபுரம்
27.2.2026

அன்புள்ள சிலுவைக்கு,

உன் கடிதம் கைக்கு வருவதற்குள் நேற்று விபரீதம் ஆகிவிட்டது. ரெஜி மீன் பிடிக்கப் போவதற்காகத் தூண்டில் முள்ளில் எறாவைக் குத்தி வாசலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறான். இத்தனை நாள் ரசஞ்சோறு தின்ற நாய் விடுமா? முள்ளோடு விழுங்கிவிட்டது. வாயில் தூண்டில் நரம்பு மட்டும் தொங்கியது. நான் அதைப் பிடித்து இழுக்க, வஸ்தாது அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது.

ரெஜி ஆட்டோவிலேயே மாதவரம் பக்கம் ஒரு மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் ஜஸீமா என்று ஒரு அம்மா.

"இழுத்தீங்களா?"

"லேசா."

"இன்னொரு தபா தொட்டீங்கன்னா ஊசி உங்களுக்குத்தான். கடைசியா இன்னா சாப்டான்?"

"ரசஞ்சோறு."

"நாய்க்கா?"

"தவக்காலம் டாக்டர்."

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் இன்னைக்கி நோன்புதான். எங்க வூட்டுப் பூனை நாலு வேளை துன்னுது" என்றார்.

முள் கீழே இறங்கியிருந்தால் வயிற்றைத் திறக்க வேண்டும், பிழைப்பதும் கஷ்டம் என்று சொல்லி, மயக்க ஊசி போட்டு உள்ளே தூக்கிப் போனார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான் பேசுகிற ஒரே ஆள் உள்ளே மயங்கிக் கிடந்தான். பயமாக இருந்தது, அதனால்தான் உனக்கு போன் போட்டேன். நீ எடுப்பாய் என்று நினைக்கவே இல்லை.

நல்லவேளை, வாய் வழியாகவே குழாய் விட்டு எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டான். தொண்டைப் புண் ஆறும்வரை குரைக்க விடக்கூடாதாம். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நீ வந்தால் தேவலை.

கஸ்பார்

காத்திவாக்கம்
4.3.2026

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நாய் குரைக்கவில்லை என்று பெண்டாட்டியைக் கூப்பிடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

என் நேர்ச்சை உங்களால்தான் கெட்டது. போனை எடுத்துச் சத்தம் காட்டாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வஸ்தாதுவில் ஆரம்பித்தீர்கள். லாரி பிரேக், முட்டி வலி, உங்கள் அம்மா செத்த அன்று நீங்கள் அழாதது என்று எங்கெங்கோ போனீர்கள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் உங்களிடம் இவ்வளவு பேச்சு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நடுவில், "சிலுவ, லைன்ல கீறியா?" என்று கேட்டீர்கள். "கீறேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

நேர்ச்சை கெட்டதை நேற்று பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் சொன்னேன். அதற்குப் பரிகாரமாக, ஈஸ்டர் வரை தினமும் புருஷனோடு பேச வேண்டும், அதுவும் அன்பாகப் பேச வேண்டும் என்றார் சாமியார். முழங்காலில் நின்று எத்தனை ஜெபமாலை வேண்டுமானாலும் சொல்கிறேன், வேறு ஏதாவது கொடுங்கள் சாமி என்று கெஞ்சினேன். மனுஷர் அசையவில்லை.

சனிக்கிழமை வருகிறேன். ஆனால் சாமியார் சொன்னதற்காக வருகிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு, "நீ இல்லாம..." என்று ஆரம்பித்தீர்கள், போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன சொல்ல வந்தீர்கள் என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கமே இல்லை. அதை நேரில் கேட்கத்தான் வருகிறேன்.

சிலுவை