அப்பாவின் இடது கன்னம்

சின்னவனுக்கு அம்மா எழுதிக்கிறது. நான் நல்லா இருக்கேன், முழங்கால் வலி அது பாட்டுக்கு இருக்கு. நீ நல்லா இருக்கிறது உன் போட்டோவுக்குக் கிடைச்ச பரிசைப் பார்த்தே தெரியுது. அக்கா வந்து நாலு நாள் இருந்துட்டுப் போனா, அவ பொண்ணுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்து பேச்செல்லாம் காத்தா வருது. அப்பாவைப் பத்தித்தான் எழுதணும். போன்ல சொல்லலாம்னா பக்கத்துலயே உக்காந்திருக்காரு, அதான் காகிதத்தை எடுத்தேன்.

நீ லீவுல வந்த ஒன்பது நாள்ல ஆறு நாள் பின்ரூமைப் பிடிச்சுக்கிட்டே. ஜன்னல்ல கறுப்புப் போர்வையைக் கட்டி ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் வெளிச்சம் விட்டே. முதல்ல என்னை உக்கார வெச்சு தாடையைத் தூக்கு, தோளை இறக்கு, சிரிக்காதேன்னு உயிரை எடுத்தே, எனக்குக் கழுத்துதான் பிடிச்சுக்கிச்சு. அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டே. குளிச்சு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி வந்தாரு. முகவாதம் வந்து வாய் இடது பக்கம் தொங்கினதுலேருந்து யாரு முன்னாடியும் அந்தக் கன்னத்தைக் காட்டாத மனுஷன், பிள்ளை எடுக்கிறானேன்னு வந்தாரு. வலது பக்கம் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி அவரே நாற்காலியைப் போட்டு உக்காந்தாரு. நீ அதைத் திருப்பிப் போட்டே. "இந்தப் பக்கம் வேண்டாம்ப்பா"ன்னு ஒரே ஒரு தடவைதான் சொன்னாரு. நிழல் இப்படித்தான் நல்லா விழுது, சும்மா பண்ணிப் பார்க்கிறேன், யாரும் பார்க்கப் போறதில்லைன்னு சொன்னே. நான் ஒருத்தி, நீ குடுத்த வெள்ளை அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கொஞ்சம் கீழே, இன்னும் கீழேன்னே, இறக்கினேன். அட்டையில பட்ட வெளிச்சம் நேரா அந்தத் தொங்கின வாயில போய் விழுந்தது எனக்குத் தெரியலைடா. முகம் தெளிவா வரட்டும்னு நினைச்சு கை கடுக்கக் கடுக்கப் பிடிச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்.

உங்கப்பா சலூன்ல பண்ற வேலை உனக்குத் தெரியாததா? முப்பத்தஞ்சு வருஷமா அடுத்தவங்க தாடையைப் பிடிச்சு வெளிச்சத்துக்குத் திருப்பினவரு. காது கருகிப் போன அந்த வெல்டர் முடி வெட்ட வந்தா, கண்ணாடியில அந்தக் காது தெரியாதபடி நாற்காலியைத் திருப்பிட்டுத்தான் கத்திரியை எடுப்பாரு. நீ அந்தக் கடையில உக்காந்துதானே வீட்டுப்பாடம் எழுதினே. வெளிச்சத்தைப் பத்தி அவ்வளவு தூரம் போய்ப் படிச்சவன் இதை மட்டும் எங்கே தொலைச்சே?

போன மாசம் அந்த வெல்டர்தான் செல்போன்ல படத்தைக் காட்டினாரு, உங்க பையன் பரிசு வாங்கியிருக்கான்னு பெருமையாத்தான். கீழே "சிதைவு"ன்னு பேரு வேற. பெத்த அப்பன் முகத்துக்கு வைக்க உனக்கு வேற பேரே கிடைக்கலையா? அப்பா ரொம்ப நேரம் பார்த்துட்டு, நல்லா எடுத்திருக்கான்னு சொல்லிப் போனைத் திருப்பிக் குடுத்தாரு. மறுநாள்லேருந்து கடைக்குப் போகல. சவரம்கூடக் கண்ணாடி பார்க்காம தடவித் தடவித்தான் பண்ணிக்கிறாரு, ஊருக்கே சவரம் பண்ணின கை தன் கன்னத்தை மூணு இடத்துல வெட்டிக்கிச்சு.

பரிசைத் திருப்பிக் குடுக்கச் சொல்லல. அந்தப் படத்தை மட்டும் போட்ட இடத்துலேருந்து எடுத்துடு. அடுத்த தடவை வரும்போது அவரு போடுற பக்கமே நாற்காலியை விட்டு ஒண்ணு எடுத்துக் குடு, நிழல் எப்படி விழுந்தா என்ன. நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்காதே. எங்க ஆசீர்வாதம் உனக்கு எப்பவும் உண்டு, கோபத்துல அதைக் குறைச்சுக்க எனக்குத் தெரியாது.

இன்னொண்ணு. வீடியோவுல பேசும்போதெல்லாம் ஏம்மா அங்கே இருட்டா இருக்கு, பல்பு போச்சா, மாத்தக் கூடாதான்னு கேக்கிறே. பல்பு நல்லாத்தான் இருக்கு. போன்ல உன் பேரு வந்ததும் அப்பா எழுந்து போய் அணைச்சுட்டு வந்து உக்கார்றாரு.

இப்படிக்கு,
அட்டை பிடிச்ச உன் அம்மா