பேட்டரி வயர் என் பையில்

என்னங்க,

வண்டி செத்துப்போச்சுன்னு பதறாதீங்க. பேட்டரி வயரைக் கழட்டி என் பையில போட்டுக்கிட்டுத்தான் வேலைக்குப் போறேன்.

சாயங்காலம் உங்க அண்ணன் வர்றதுக்குள்ள, உங்க அப்பா காலத்துக் காரைக் கிளப்பிக் காட்டணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறீங்க. அதுக்காக கார்புரேட்டரையே திரும்பத் திரும்பக் கழுவினா ஆச்சா? காலையில டார்ச் அடிச்சுப் பார்த்தேன். அதுக்குப் போற ரப்பர் பைப் வெடிச்சு, இன்ஜின் மேலயே பெட்ரோல் சொட்டுது. நேத்தே வாடை வருதுன்னு நான் சொன்னதுக்கு, "இதுலயெல்லாம் மூக்கை நுழைக்காதே"ன்னு எரிஞ்சு விழுந்தீங்க. புது பைப் நானே வாங்கிட்டு வரேன். அதுக்குள்ள பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தள்ளி ஸ்டார்ட் பண்ற வேலையெல்லாம் வேண்டாம்.

சாப்பாடு மேசை மேல மூடி இருக்கு. ஆறிப்போயிருந்தாலும் அப்படியே சாப்பிடுங்க. சூடு பண்றேன்னு அடுப்பைப் பத்த வெச்சிடாதீங்க. கார் ஷெட்ல இருக்கிற பெட்ரோல் வாடை ஜன்னல் வழியா நேரா சமையலறைக்குத்தான் வருது.

இடம் இல்ல, ஓரத்துல எழுதறேன்: நேத்து சோறு அரைவேக்காடுன்னு தட்டைத் தள்ளிட்டு எழுந்தீங்களே. நீங்க கார் சாவியைத் திருப்பின ஒவ்வொரு தடவையும் நான் அடுப்பை அணைச்சிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.