சல்மா அம்மாவுக்குக் குரல் வந்தது

செவ்வாய், இரவு.

இன்றைக்குத்தான் மனசு லேசாச்சு.

தைராய்டு ஆபரேஷனுக்காக இராக்கின் பஸ்ராவிலிருந்து முகப்பேர் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கும் சல்மா அம்மா, தன் ஊரில் பெயர்பெற்ற பாடகி. மெட்டும் அவரே போடுவார். நான் அவருக்கு அரபி மொழிபெயர்ப்பாளர். குரல் நரம்பு பாதிக்கப்படலாம் என்று டாக்டர் சொன்னதை நான்தான் அவரிடம் சொன்னேன்.

"நான் எழுதி வைக்கிறவள் இல்லையே, பாடிக் காட்டுறவள். குரல் போனால் என் மெட்டை எப்படிச் சொல்லித் தருவேன்?" என்று கேட்டார். ஆபரேஷன் முடிந்தும் வெறும் காற்றுதான் வந்துகொண்டிருந்தது.

இன்று காலை டாக்டர், "'ஈ'ன்னு சொல்லச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். சல்மா அம்மா கண்ணை மூடிப் பாடவே ஆரம்பித்துவிட்டார். முதலில் கரகரப்பு. பிறகு குரல் தெளிந்து மெல்ல ஏறியது. வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்த தேவியக்கா அப்படியே நின்றுவிட்டார். "இன்னாம்மா, இந்தம்மா இப்டி பாடுது!"

படுத்துக்கிடந்தபோது போட்ட மெட்டாம். உடனே ஊரிலிருக்கும் மாணவிக்கு போன் போட்டு ஒரு வரி பாடினார். அவள் திருப்பிப் பாடினாள். "அப்படி இல்லைடி, கழுதை!" என்று ஓர் அதட்டல். அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள்.

"போதும், குரலுக்கு ஓய்வு வேணும்" என்றார் டாக்டர். மொழிபெயர்த்தேன். சல்மா அம்மா என்னைக் கையமர்த்திவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

உச்ச ஸ்தாயி மட்டும் இன்னும் எட்டவில்லை. வரும் என்கிறார் டாக்டர். வரட்டும். கண் சொக்குது.