வான்சூட் அரண்மனையைக் கொலுப்படியில் திரும்ப வைப்பது குறித்து

அனுப்புநர்:
செங்கமலம்,
(இஞ்சினீயர் கோபாலசாமியின் தாயார்),
மூன்றாம் மாடி, சால்மியா, குவைத்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
சால்மியா தமிழ்க் குடும்ப மன்றம், குவைத்.

பொருள்: கொலுப்போட்டி நடுவர் திரு. பத்மநாபன் எங்கள் படியிலிருந்து போலந்து அரண்மனையை இறக்கியது. திரும்ப ஏற்றக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மகன் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறேன். மன்றத்தின்மேல் இந்த ஒன்றைத் தவிர எனக்கு மனத்தாங்கல் கிடையாது.

2. எதிர் ஃப்ளாட் ஹாலினா போலந்துக்காரி. அவள் ஊர் வான்சூட். சின்ன ஊர்தானாம், ஆனால் பிரபு வம்சத்தார் வாழ்ந்த பெரிய அரண்மனையும் கொட்டகை நிறையக் குதிரை வண்டிகளும் உண்டு. இப்போது அது காட்சிசாலை. மரத்தரை தேயாமலிருக்க, பூட்ஸின் மேலேயே கம்பளிச் செருப்பு மாட்டிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டுமாம். ஹாலினாவின் அம்மா அங்கே பிரபு வீட்டுத் துணிகளுக்கு இஸ்திரி போட்டவள். இதெல்லாம் என் பேத்தி இங்கிலீஷில் கேட்டு எனக்குச் சொன்னது.

3. என் கொலுவைப் பார்த்துத் தானும் ஒன்று செய்து தர ஹாலினா ஆசைப்பட்டாள். அட்டையில் அரண்மனை, தீப்பெட்டியில் வண்டிகள், வாசலில் நகத்தளவு கம்பளிச் செருப்புகள். கீழ்ப்படியில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தோம். செட்டியார் கடைக்குப் பிரபு பருப்பு வாங்க வந்த மாதிரி அழகாக இருந்தது.

4. நேற்று வந்த திரு. பத்மநாபன், "என்ன மாமி, இது கொலுவா, எக்ஸிபிஷனா?" என்று கேட்டுக்கொண்டே அதைத் தூக்கி ஃப்ரிஜ் மேல் வைத்துவிட்டார். போன வருஷம் எண்ணெய்க் கிணறு வைத்த வீட்டுக்கு முதல் பரிசு கொடுத்தவரும் இவரே. வைத்த கொலுவை விஜயதசமி வரை அசைக்கக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையா?

5. ஹாலினா சுண்டல் கிண்ணத்தோடு அங்கேயே நின்றிருந்தாள். யுத்தத்தின்போது பிரபு பெட்டி பெட்டியாகச் சாமான்களை ரயிலேற்றிக்கொண்டு போனதை எட்டு வயதில் தெருவில் நின்று பார்த்தாளாம். அதே மாதிரி இருக்கிறது என்று சிரித்தாள். சிரித்தாளே தவிர, சுண்டலைத் தொடவில்லை.

6. அவள் புருஷனுக்கு வேலை முடிந்து அடுத்த மாதம் ஊருக்குப் போகிறார்கள். தமிழர் வீட்டில் தன் ஊரைப் படியிறக்கினார்கள் என்று அவள் அங்கே போய்ச் சொல்லும்படி ஆகக்கூடாது. பரிசு எங்களுக்கு வேண்டாம்.

7. ஆகவே, திரு. பத்மநாபன் சரஸ்வதி பூஜைக்குள் மனைவியோடு வந்து, ஹாலினா பார்க்கத் தம் கையாலேயே அரண்மனையைப் படியில் வைக்கும்படி தாங்கள் சொல்லவேண்டும். எடுத்தவர்தான் வைக்கவேண்டும் என்று நான் அதைத் தொடவில்லை. ஃப்ரிஜ் கதவை எல்லோரும் மெதுவாகச் சாத்துகிறோம். வருகிறவர்களுக்குச் சுண்டலும் காப்பியும் உண்டு.

தங்கள் நல்ல பதிலை எதிர்பார்க்கும்,
செங்கமலம்

இடம்: சால்மியா
நாள்: 17-10-1977