ரொறன்ரோவுக்கு எத்தனை மணித்தியாலம்?

என் அன்பான புவனம்,

ஒரு புதினம், கேட்டால் சிரிப்பாய். கொழும்பு பஸ் பொலன்னறுவை தாண்டுமுன்னமே வாந்தி எடுக்கிற உன் மனிசன் கனடாவுக்குப் பிளேன் ஏறப் போகிறான்.

மகளின் பிள்ளைப்பேற்றுக்கு நீதானே போவதாக இருந்தது. பாஸ்போட்டும் எடுத்து வைத்திருந்தாய். எனக்கு நாயைப் பார்க்கிற வேலையும் தந்திருந்தாய். இப்போது பேறு கிட்டி வருகிறது, நீ இல்லை. மகள் தினமும் போன் எடுக்கிறாள். சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா என்று கேட்கிறாள். வாங்க என்று மட்டும் கேட்கவில்லை. அங்கே மருமகனைத் தவிர அவளுக்கு ஆருமில்லை. அவருக்கும் இரவு வேலை. வாய் திறந்து கேட்காத பிள்ளையை என்ன செய்வது? அதைச் சொல்லித் தராமலே போய்விட்டாயே.

ஒருநாள் நானே போனில் தேடிப் பார்த்தேன். கட்டுநாயக்காவிலிருந்து ரொறன்ரோ பதினாலாயிரம் கிலோமீற்றராம். அது என் மண்டைக்குள் ஏறவில்லை. கீழே பிளேன் நேரம் போட்டிருந்தது. விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு, இடையில் ஓரிடத்தில் மாறி ஏறினால், அன்று பின்னேரம் நாலு மணிக்கு இறங்கலாம். விரல் மடித்து எண்ணினேன், பன்னிரண்டு மணித்தியாலம். பஸ்ஸில் கொழும்புக்குப் போய்வர ஆகிற நேரம்தானே! வாழைச்சேனை வாவியில் தோணி விடுகிறவனுக்கு வேறெப்படிக் கணக்கு வரும்? இந்தக் கரையில் மணி எட்டென்றால் அந்தக் கரையிலும் எட்டுத்தானே?

உடனே மகளுக்கு எடுத்தேன். "பன்னிரண்டு மணித்தியாலம்தானே மகள், நான் வாறன்" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, புவனம். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. அங்கத்தை மணிக்கூடு ஒன்பதரை மணித்தியாலம் பிந்தித்தான் ஓடுமாம். அதையும் கூட்டினால் பயணம் இருபத்தொன்றரை மணித்தியாலமாம். எனக்கு விளங்கும் வரைக்கும் பொறுமையாகச் சொன்னாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அவ்வளவு நேரமெண்டு தெரிஞ்சும் வருவீங்களா அப்பா?"

இதைக் கேட்கத்தான் இத்தனை நாளும் பயந்திருந்தாளா? "ஓம் மகள்" என்றேன்.

விசா வந்துவிட்டது. பாஸ்போட் படத்தில் கோழி களவெடுத்துப் பிடிபட்டவன் போல இருக்கிறேன். என் கணக்கை உன் தம்பி சந்தையெல்லாம் பரப்பிவிட்டான். எங்கே கண்டாலும், "அத்தான், நேரம் என்ன? இஞ்சத்தை நேரமா, அங்கத்தை நேரமா?" என்கிறான். கேட்டுவிட்டுப் போகட்டும்.

காலை நீட்டி, பிள்ளையை அதில் கிடத்தி, உன்னைப்போல் குளிப்பாட்ட எனக்கு வராது. ஆனால் மிளகு, சீரகம் என்று பேற்றுச் சரக்கு அரைத்து மகளுக்குக் கறி வைப்பேன். பிள்ளை அழுதால் தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன். மகளை நித்திரை கொள்ள விடுவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

என்றைக்கும் உன் மனிசன்,
அடுத்த மாதம் தொட்டு அம்மப்பா.