நாலு காலும் ஒரே அட்டையில்

ஐப்பசி 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை.

பேரன் பரத்துக்கு ஓசூர் கம்பெனியில் வேலை நிரந்தரம். சின்னப் பேத்தி யாழினிக்குக் கோலப் போட்டியில் முதல் பரிசு, எவர்சில்வர் டப்பா. பெரிய பேத்தி நந்தினி கே.கே. நகர் மரப் பட்டறையில். அங்கே அவள் ஒருத்திதான் பெண். தனியாக ஒரு ஸ்டூல் செய்து காட்டினால் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார். நாலும் வளைந்த கால், அன்னத்தின் கழுத்து மாதிரி. முருகா.

மீன்காரி வரவில்லை.

ஐப்பசி 5, புதன்

நந்தினி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஸ்டூல் ஆடுகிறதாம். மேஸ்திரி அதன்மேல் டீ கிளாஸை வைத்தார். தளும்பி அவர் வேட்டியிலேயே கொட்டியது. பட்டறையே சிரித்ததாம்.

காலுக்கு அட்டையில் வெட்டிய மாதிரி வடிவம் ஒன்று உண்டு. நாலையும் அதை வைத்தே வரைய வேண்டும். அட்டை நழுவுகிறது என்று இவள் முதல் காலுக்கு மட்டும் அதை வைத்தாள். இரண்டாவதை அறுத்த முதல் காலை வைத்து வரைந்தாள். மூன்றாவதை இரண்டாவதை வைத்து. ஒவ்வொரு தடவையும் பென்சில் கோட்டின் தடிமன் அளவுக்குக் கால் பெருத்துவிட்டது.

மேஸ்திரி சொன்னாராம்: "ஒண்ணப் பாத்து ஒண்ணு வரஞ்சா பெருத்துக்கினேதான் போவும். வெள்ளிக்கெயம வரிக்கும் பாக்கறேன். அப்பறம் வேற ஆளு."

"நான் இன்னா பண்றது ஆயா" என்றாள். ரசம் ஊற்றினேன்.

ஐப்பசி 6, வியாழன்

மழை விட்டு விட்டு. சைதாப்பேட்டை ரயில் சத்தம் பஞ்சில் பொதிந்த மாதிரி. மத்தியானம் கண் அசந்தேன். கனவு. யாரோ என்னைத் தரையில் படுக்க வைத்து, சுற்றிப் பென்சிலால் வரைந்து, என் மகளை எடுத்தார்கள். மகளைச் சுற்றி வரைந்து நந்தினியை. ஆற்றுத் தண்ணீர் மாதிரி வளைந்து வளைந்து போகிற கோடு. எழுந்த பிறகும் கண்ணில் இருந்தது.

நான் படித்தது ஐந்தாவது. மகள் பத்தாவது. இவள் ஐ.டி.ஐ. ஒன்றைப் பார்த்து ஒன்று பெருப்பது ஸ்டூலுக்குத்தான் கெடுதல்.

பிரஷர் மாத்திரை தீர்ந்தது. சொல்ல வேண்டும்.

ஐப்பசி 7, வெள்ளி

அட்டையை மரத்தோடு கிளிப் போட்டு இறுக்கி, நாலு காலும் புதிதாக வரைந்து அறுத்திருக்கிறாள். மேஸ்திரி கிளாஸில் விளிம்பு வரை டீ ஊற்றி ஸ்டூல்மேல் வைத்தாராம். தான் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். டீ அசையவில்லை.

"திங்கக்கெயமலேர்ந்து வேலைக்கு வந்துடு. லேட் ஆவக்கூடாது." அவ்வளவுதான் சொன்னாராம். போதும். வடை சுட்டேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

வெயில். ஸ்டூலை வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டாள். என்னை உட்கார வைத்தாள். என் கால் தரைக்கு எட்டவில்லை. ஸ்டூல் ஆடவில்லை. பரத் வந்திருந்தான், அவளையும் ஸ்டூலையும் போட்டோ எடுத்துக்கொண்டு ஓசூர் பஸ் பிடித்தான். போனிலேயே பார்த்துக்கொள் என்கிறான். சுவரில் அவளுடைய ஸ்கூல் படம்தான் இன்னும், இரட்டைச் சடையோடு. பரத்துக்குச் சொல்ல வேண்டும்: புது போட்டோ, காகிதத்தில் அடித்து, தபாலில். நாலு காலும் தெரிய வேண்டும்.